பாலைவனத்துக்கு ஒரு ஹீட்டர்

திருநெல்வேலிக்கே அல்வாவா என்று ஊரில் கேலி பேசுவார்கள். நான் அதற்கும் ஒரு படி மேலே போனவன். பாலைவனத்துக்கு ரூம் ஹீட்டர் கொண்டுபோனேன்.

துபாய் விமான நிலையத்தில் பெட்டிகளைச் சோதித்துக்கொண்டிருந்த அதிகாரி என் பெட்டியைத் திறக்கச் சொன்னார். மேலாக இருந்த அதிரசத்தையும் கருவாட்டுப் பொட்டலத்தையும் நகர்த்தினார். அடியில் துண்டு போர்த்திப் படுத்திருந்த ஹீட்டரைத் தூக்கி மேசைமேல் வைத்து முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தார். பக்கத்து மேசைக்காரரைக் கூப்பிட்டுக் காட்டினார். இருவரும் அரபியில் ஏதோ சொல்லிச் சிரித்தார்கள். எனக்குப் பின்னால் நின்ற மலையாளி கேட்காமலே உதவிக்கு வந்தார். "எந்த நாட்டுக்குப் போகிறோம் என்று தெரிந்துதான் இவர் விமானம் ஏறினாரா என்று கேட்கிறார்கள்" என்றார்.

தெரிந்துதான் ஏறினேன். அனுப்பியது என் தங்கை செல்வி. அவள் கணவர் பழனிவேல் அல் ஐன் நகரத்தையும் தாண்டி ஒரு மஸ்ராவில், அதாவது பண்ணையில், இரண்டு வருடமாக வேலை பார்க்கிறார். பேரீச்சை மரங்களுக்குத் தண்ணீர் கட்டுவது, காய்கறிப் பாத்திகளைப் பார்ப்பது, முதலாளி வரும் நாளில் கேட்டைத் திறப்பது. கோடையில் போன் செய்தால் வெயிலைப் பற்றிப் புலம்புவார். எங்களுக்கு அது புரியும். புதுக்கோட்டைக்காரனுக்கு வெயிலைப் பற்றி யாரும் விளக்க வேண்டியதில்லை. மார்கழி பிறந்ததும் அவர் குளிரைப் பற்றிப் புலம்பத் தொடங்கியபோதுதான் வீட்டில் ஒருவரும் நம்பவில்லை. செல்வி மட்டும் நம்பினாள்.

"ஏண்ணே, மில்லு மில்லாப் போயி சூட்டப் பத்திப் பாடம் எடுக்குற. ஒன் சொந்த மாப்ள அங்க பல்லு கிட்டிப்போயிக் கெடக்குறாரு. அவருக்கு ஒரு ஹீட்டர் கொண்டுபோயிக் குடுக்க ஒனக்குத் துப்பில்லயா?"

பாடம் எடுப்பது உண்மைதான். ஈரோடு, திருப்பூர் பக்கத்து ஆலைகளில் கொதிகலன்களைச் சோதிப்பது என் பிழைப்பு. போட்ட விறகில் எவ்வளவு சூடு வேலைக்குப் போகிறது, எவ்வளவு புகைபோக்கி வழியாக ஆகாயத்துக்குப் போகிறது என்று அளந்து சொல்வேன். ஆற்றல் தணிக்கையாளர் என்று விசிட்டிங் கார்டில் இருக்கும். ஆலைக்காரர்கள் சூட்டுக்காரர் என்பார்கள். துபாயில் ஒரு கண்காட்சிக்கு நிறுவனம் என்னை அனுப்புகிறது என்று தெரிந்த வாரமே, செல்வி இரண்டாயிரம் வாட் ஹீட்டர் ஒன்றை வாங்கி, புதுக்கோட்டையிலிருந்து பஸ் ஏறி ஈரோட்டில் என் வீட்டு வாசலில் வந்து இறங்கிவிட்டாள். அங்கேயே வாங்கிக்கொள்ளலாமே என்றேன். "அங்க ஏசிதான விப்பான், ஹீட்டர எவன் விப்பான்?" என்றாள். எனக்கும் அது நியாயமாகத்தான் பட்டது.

முதல் நாள் முழுக்கக் கண்காட்சி மண்டபத்தில் கழிந்தது. வெளியே ஜனவரி மாதத்து இளவெயில். கல்யாணத்துக்கு நாள் பார்த்தால்கூட அப்படி ஒரு நாள் அமையாது. உள்ளே, 'ஆற்றலைச் சேமிப்போம்' என்ற பதாகைக்குக் கீழே, கோட்டு போட்ட கனவான்கள் ஏசிக் குளிரில் உள்ளங்கைகளைத் தேய்த்துக்கொண்டு நின்றார்கள். பாலைவனம்தானே என்று நான் ஸ்வெட்டர் எடுத்துவரவில்லை. மதியத்துக்குமேல் தாங்க முடியாமல் கழிவறைக்குப் போய், கை உலர்த்தும் இயந்திரத்தின் கீழே நின்று குளிர்காய்ந்தேன். எனக்கு முன்பே அங்கே ஒரு பிலிப்பைன்ஸ்காரர் நின்றிருந்தார். தன் ஸ்டால் ஏசிக் காற்று நேராக விழும் இடத்தில் அமைந்துவிட்டது என்று வருத்தப்பட்டார். இருவரும் முறை வைத்துக்கொண்டோம்.

ஓட்டல் அறையிலும் அதே கதை. ஏசியை அணைக்க முடியாது, கட்டடம் முழுவதற்கும் ஒரே ஏற்பாடு என்றார் வரவேற்பில் இருந்த பெண். மானத்தை விட்டுப் பெட்டியிலிருந்த ஹீட்டரை எடுத்தேன். ஒரே அறையில் ஒரு இயந்திரம் சூட்டை வெளியே தள்ள, இன்னொன்று உட்கார்ந்து சூட்டை உண்டாக்க, நடுவில் ஒரு ஆற்றல் தணிக்கையாளன் படுத்திருப்பது என்று முடிவாகிவிட்டது. நல்லவேளை, நம் ஊர்ப் பெரிய பிளக்கின் உருண்டைக் கால்கள் அங்குள்ள சதுர ஓட்டையில் நுழையவில்லை. என் தொழில் கௌரவம் பிளக்கால் பிழைத்தது.

மறுநாள் வேலை முடிந்ததும் ஷார்ஜாவுக்குப் போனேன். அங்கே மின்சாமான் கடை வைத்திருக்கும் காதர் கல்லூரியில் என் அறைத்தோழன், காயல்பட்டினத்துக்காரன். துபாயிலிருந்து ஷார்ஜா கைக்கெட்டும் தூரம் என்று வரைபடம் சொல்லும். மாலை நேரத்துப் போக்குவரத்து அப்படிச் சொல்லாது. டாக்சியில் உட்கார்ந்து ஒரு முழு கிரிக்கெட் இன்னிங்ஸைக் கேட்டு முடித்தேன். ஓட்டுநர் பெஷாவர்க்காரர். ஒவ்வொரு விக்கெட்டுக்கும் என்னைத் திரும்பிப் பார்த்து வருத்தம் தெரிவித்தார்.

காதரின் கடை வாசலில் ஹீட்டர்கள் இடுப்பு உயரத்துக்கு அடுக்கப்பட்டிருந்தன. நான் சுமந்து வந்ததன் உடன்பிறப்புகள் எல்லாம் அங்கே இருந்தன, சிலது அதைவிட லட்சணமாகவும் இருந்தன.

"என்னல, என் கடைக்கே சரக்கு போட வந்திருக்கியா?" என்று அவன் என் கையிலிருந்த ஹீட்டர் பையைப் பார்த்துச் சிரித்த சிரிப்பு தெருவுக்கே கேட்டது. பிறகு ஹீட்டரின் ஒயரை வெட்டி, அந்த ஊர்ச் சதுரக் கால் பிளக்கை மாட்டிக் கொடுத்தான்.

இரவுச் சாப்பாட்டுக்கு வீட்டுக்கு அழைத்துப்போனான். அவன் மனைவி மீன் ஆணம் வைத்திருந்தார். காயல்பட்டினத்தில் குழம்பை ஆணம் என்பார்கள். பெயர் எதுவானாலும் மூன்று முறை வாங்கிச் சாப்பிட்டேன். கைகழுவப் போகும்போது காதர் எச்சரித்தான்.

"செவப்புக் குழாயத் தொறந்திராத, சுட்டுரும். இப்பம் கெய்ஸர் ஓடுது. கோடையில வந்தா மட்டும் செவப்பத் தொற."

"கோடையில எதுக்குச் சுடுதண்ணி?"

"அட எஞ்சினியரே, கோடையில நீலக் குழாயில வாரதுதான்ல சுடுதண்ணி! மொட்டமாடி டேங்குல கொதிச்சுக் கெடக்கும். கெய்ஸர் ஏசி வீட்டுக்குள்ளல்லா இருக்கு? அத ஆஃப் பண்ணிப் போட்டா, உள்ள கெடக்குற தண்ணி ராவோட ஆறிரும். காலையில செவப்புக் குழாயத் தொறந்தா ஜில்லுன்னு வரும். புதுசா வாரவன் பூரா மொதக் கோடையில நீலத்தத் தொறந்து பொத்துப்போவான்."

வருடத்தில் பாதி நாள் சுவிட்சை அணைத்துப் போட்டு, மண்பானை மாதிரி வேலை வாங்கப்படும் தண்ணீர் சூடேற்றியைப் பற்றி எந்தப் பாடநூலும் எனக்குச் சொன்னதில்லை. பையிலிருந்து நோட்டை எடுத்துக் குறித்துக்கொண்டேன்.

காதர் விடவில்லை. "செரி, நீ சொல்லு. கரண்டு ஹீட்டரா, கரி அடுப்பா? எதுல சூடு வீணாவாது?"

இப்படி யாராவது கேட்டுவிட்டால் எனக்குப் பசி தூக்கம் கிடையாது. சொன்னேன். மின்சார ஹீட்டர் தான் வாங்கும் மின்சாரம் அத்தனையையும் சூடாக்கிவிடும், அறைக்குள் துளி வீணில்லை. ஆனால் அந்த மின்சாரம் எங்கிருந்து வருகிறது? மின்நிலையத்தில் எரிவாயுவை எரிக்கிறார்கள். அங்கேயே பாதிக்குப் பாதி சூடு கடலுக்கும் காற்றுக்கும் தத்தம். எரிபொருளை வீட்டிலேயே எரித்தால் அந்தத் தத்தம் இல்லை, ஆனால் புகைபோக்கி தன் பங்கை எடுத்துக்கொள்ளும். இரண்டையும் தோற்கடிப்பது, திருப்பி ஓட்டப்படும் ஏசி. அது சூட்டை உண்டாக்குவதில்லை, வெளியே இருப்பதை உள்ளே இழுத்து வருகிறது. ஒரு பங்கு மின்சாரத்துக்கு மூன்று பங்கு சூடு தரும்.

"எங்க ஏசி ரிமோட்டுல சூரியன் படம் போட்ட பட்டன் ஒண்ணு கெடக்கு. அதா?"

"அதேதான்."

"வாங்கி எட்டு வருசமாச்சு. ஒரு நாளு அமுக்கினதில்ல. அமுக்கினா ஏசி கெட்டுப்போவும்னுல்லா நெனச்சிருந்தேன்."

அவன் மனைவி சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்து, "புள்ளைங்க கையில ரிமோட்டக் குடுக்காதீங்கோனு சொன்னதே இவங்கதான்" என்றார்.

மூன்றாம் நாள் அல் ஐன் பஸ்ஸில் ஹீட்டரோடு ஏறினேன். அது சூட்கேஸா, சாமானா, பயணியா என்று ஓட்டுநருக்குக் குழப்பம். கடைசியில் மடியில் வைத்துக்கொள்ளச் சொன்னார். குழந்தையை வைத்திருப்பதுபோல் அதை வைத்துக்கொண்டு தூங்கிப்போய், இறங்க வேண்டிய இடத்தைத் தாண்டி ஆஸ்பத்திரி வாசலில் இறங்கினேன். அங்கிருந்து நடந்து ஒரு கஃபட்டீரியாவில் பரோட்டாவும் சாயாவும் சாப்பிட்டேன். பரோட்டா போட்டவர் திருச்சூர்க்காரர். ஹீட்டரைப் பார்த்துச் சிரிக்காத முதல் ஆள் அவர்தான். "பண்ணைக்கா? கொண்டுபோங்க. அங்கே ராத்திரி சாகடிக்கும் குளிர்" என்று மலையாளத்தில் சொன்னார். சாகடிக்கும் என்பதைப் பேச்சுவழக்காகத்தான் எடுத்துக்கொண்டேன்.

பண்ணைக்குப் பஸ் கிடையாது. காதர் தெரிந்தவர்கள் மூலம் பிக்கப் வண்டி ஒன்றைப் பேசியிருந்தான். ஓட்டுநரை எல்லோரும் கான் பாய் என்றார்கள். பாகிஸ்தானின் வடக்கு மலைப்பகுதிக்காரர், தாடியில் பாதி நரைத்தவர். அன்றிரவு அல் ஐனில் தங்கி, மறுநாள் விடிந்து கிளம்பினோம். பாலைவனத்தில் பனிமூட்டம் என்றால் நம்ப மாட்டீர்கள். ஊட்டியில்கூட நான் அவ்வளவு பார்த்ததில்லை. வண்டியின் முன்பக்கமே கண்ணுக்குத் தெரியவில்லை. ஒட்டகம் ஒன்று சாலை நடுவில் நின்று எங்களைப் பரிசீலித்துவிட்டு வழிவிட்டது. மாட்டு வண்டி வேகத்தில் உருண்டு, பத்து மணிவாக்கில் பண்ணைக் கேட்டை அடைந்தோம்.

பழனிவேல் ஸ்வெட்டர், குரங்குக் குல்லா, அதன்மேல் துண்டு என்று மூன்றடுக்குப் பாதுகாப்பில் ஓடி வந்தார். "வாங்க மச்சான், வாங்க மச்சான்" என்று என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டவர் விடவே இல்லை. இளைத்திருந்தார். ஹீட்டரைப் பார்த்ததும் கண் கலங்கிவிட்டது. செல்வியையே நேரில் பார்த்த மாதிரி அதன் தலையைத் தடவினார். பிறகு மெதுவாக விஷயத்தைச் சொன்னார்.

"மச்சான், தப்பா நெனக்காதீங்க. இங்க லைன் கரண்டு இல்ல. ஜெனரேட்டருதான். அதுவும் சாயங்காலம் போட்டு பத்து மணிக்கு கலாஸ், நிறுத்திடணும். சின்ன மிஷினு. ரெண்டு லைட்டு, ஒரு ஃபேனு, போனு சார்ஜு. இத மாட்டுனா படுத்துக்கும்."

இரண்டாயிரம் வாட்டைக் கடல் தாண்டித் தூக்கி வந்தவனுக்கு, அந்த முனையில் என்ன இருக்கிறது என்று கேட்கத் தோன்றவில்லை. எனக்கே சிரிப்பு வந்தது. கான் பாய்க்கு இந்தியில் விளக்கினேன். அவர் சிரிக்காமல் தலையாட்டினார்.

"அப்ப குளிருக்கு என்ன மாப்ள பண்றீங்க?" என்றேன்.

"அது பிரச்சின இல்ல மச்சான். இப்பல்லாம் சுகமாத் தூங்குறேன். வாங்க காட்டுறேன்."

அவர் தங்கியிருந்தது ஒரு தகரக் கேபின். கதவைத் திறந்து உள்ளே கூப்பிட்டார். ஜன்னல் முழுக்க அட்டையும் அதன்மேல் வெள்ளித் தாளும் ஒட்டியிருந்தது. ஏசியைக் கழற்றிய ஓட்டையில் பலகை அடித்து, ஓரமெல்லாம் டேப் போட்டிருந்தது. கதவு விளிம்பில் பஞ்சுப் பட்டை. தரைக்கும் கதவுக்கும் நடுவில் பழைய கம்பளியைச் சுருட்டித் திணிக்க இடம். அத்தனை நேர்த்தியான வேலையை நான் சோதித்த எந்த ஆலையிலும் பார்த்ததில்லை. நடு அறையில், பாதியாக வெட்டிய நெய் டின் ஒன்று இருந்தது. அதற்குள் வெள்ளைச் சாம்பல்.

"கரியா?" என்றேன்.

"ஆமா மச்சான். லீவு நாள்ல அர்பாப் குடும்பத்தோட வந்து எறச்சி சுடுவாங்க. மிச்சக் கரி மூட்டையோட கெடக்கும். அர்பாப்னா எங்க மொதலாளி. படுக்குறப்ப மூட்டி வச்சிட்டுக் கதவ அடச்சா, விடிய விடிய வெதுவெதுன்னு இருக்கும்."

"காலையில தலைவலி இருக்குமா?"

"அது ஒண்ணுதான். எந்திரிச்சா தல பாரமா, வாந்தி வர்ற மாதிரி. பனில படுக்குறதுல. வெளிய வந்து ஒரு டீ குடிச்சா சரியாப்போயிடும்."

தலைவலி மாத்திரை அட்டைகள் தலைமாட்டில் காலியாகக் கிடந்தன. கரி அரைகுறையாக எரிந்தால் வரும் விஷவாயுவுக்கு நிறமில்லை, வாசனை இல்லை. ஒவ்வொரு ஆலையின் புகைபோக்கியிலும் கருவியைவிட்டு அதைத்தான் அளக்கிறேன், இருபது வருடமாக. மனிதர் படுத்திருக்கும் அறையில் அதை அளக்க வேண்டி வரும் என்று நினைத்ததில்லை. கணக்குப்படி பார்த்தால், மூடிய அறையில் வைத்த கரியடுப்புக்கு நிகரான அடுப்பு உலகத்தில் இல்லை. புகைபோக்கி கிடையாது, ஆகாயத்துக்குத் தத்தம் கிடையாது, மொத்தச் சூடும் அறைக்கே. நூற்றுக்கு நூறு. ஆள் மட்டும் மிஞ்ச மாட்டான்.

"யார் மாப்ள இப்படி ஓட்டையெல்லாம் அடைக்கச் சொன்னது?" என்று கத்திவிட்டேன்.

அவர் திகைத்துப்போய், "நீங்கதான மச்சான்" என்றார்.

போனை எடுத்துத் தேடி ஒரு வாய்ஸ் மெசேஜை ஓடவிட்டார். என் குரல்தான். மார்கழியில் செல்வி நச்சரித்தபோது ஏதோ ஒரு ஆலையின் காத்திருப்பு அறையில் உட்கார்ந்து பேசி அனுப்பியது. அனுப்பியதையே மறந்திருந்தேன். மூன்று நிமிடம் கணீரென்று பேசியிருந்தேன். "சூட்ட உண்டாக்குறது பெரிய வித்தை இல்ல மாப்ள, உண்டான சூட்டப் பிடிச்சு வைக்கிறதுதான் வித்தை. ஒரு நூல் சந்து இருந்தாலும் விடாதீங்க, அடைங்க." ஜன்னலுக்கு வெள்ளித் தாள், கதவுக்குப் பஞ்சுப் பட்டை, எல்லாம் வரிசையாக இருந்தது. உதாரணம்கூடச் சொல்லியிருந்தேன். அறைக்குள் எதை எரிக்கிறீர்கள் என்று மட்டும் அந்த மூன்று நிமிடத்தில் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

எரிப்பார்கள் என்றே எனக்குத் தோன்றவில்லை, அதுதான் உண்மை. எங்கள் பக்கத்தில் யார் அறையைச் சூடாக்கித் தூங்கினார்கள்? அம்மா விறகடுப்பில் சமைத்த காலத்தில் ஓட்டுச் சந்து, கதவுச் சந்து, ஜன்னல் எல்லாம் புகைக்கு வழிதான். நெருப்பைப் பற்றி எங்களுக்குத் தெரிந்த பயம் சுடும் என்பது ஒன்றே. சந்துகளை அடைப்பது ஏசிக்காகக் கற்ற பழக்கம். இரண்டையும் சேர்த்த புத்திசாலித்தனம் என்னுடையது.

கான் பாய் கேபினுக்குள் தலையை நீட்டினார். டின்னைப் பார்த்தார், ஜன்னலைப் பார்த்தார். கையை நீட்டி ஜன்னல் அட்டையை ஒரே இழுப்பில் கிழித்துப் போட்டார். பிறகு உருதுவில் என்னிடம் சொன்னார்: "எங்கள் ஊரில் ஆறு மாதம் பனி. வீட்டுக்குள்ளேதான் அடுப்பு. ஆனால் கூரைக்குமேல் புகைக்குழாய் இல்லாத வீட்டுக்குப் பெண் கொடுக்க மாட்டோம். இவருக்கு இதைச் சொல்லித்தர யாரும் இல்லையா?"

சொல்லித்தர ஆள் இருந்தது, அதுதான் பிரச்சினை என்று சொல்ல எனக்கு அப்போது உருது வரவில்லை.

நானும் மாப்பிள்ளையும் டேப்பைக் கிழித்தோம். சிக்கனம் சொல்லிச் சம்பளம் வாங்குபவன் சுவரில் ஓட்டை போட்டுக்கொண்டிருந்தேன். பாதி வேலையில் பழனிவேல் நின்றார். முகம் வெளுத்திருந்தது.

"மச்சான், அந்த வாய்ஸ நம்மாளுங்க குரூப்புல போட்டேனே. சுத்துப்பட்டுல நாலு மஸ்ராவுல நம்ம பக்கத்து ஆளுங்க இருக்காங்க. எல்லாரும் கைகூப்புற படம் போட்டாங்க."

ஒவ்வொருவராகக் கூப்பிட்டார். முதல் ஆள் எடுத்தார், சத்தமாகத் தும்மிவிட்டு விஷயத்தைக் கேட்டுக்கொண்டார். இரண்டாவது ஆள் கரி வாங்கக் காசில்லாமல் சும்மா படுக்கிறாராம். ஏழ்மை அவரைக் காப்பாற்றியது. மூன்றாவது ஆள், "டேப்பு கெடைக்கல பழனி. நான் ஆட்டுக் கொட்டாயிலதான் படுக்குறேன்" என்றார். நாற்பது ஆடுகளுக்கு நடுவில் படுத்தால் ஜனவரி தெரியாதாம். புல்லைத் தின்று சூட்டைத் தரும் நாற்பது ஹீட்டர்கள், காற்றோட்டமான கொட்டகையில். என் பேச்சைக் கேட்காதவர்கள் எல்லோரும் சுகமாக இருந்தார்கள்.

நான்காவது எண் அடித்துக்கொண்டே இருந்தது.

"சின்னராசு அண்ணன். அரியலூர்க்காரரு" என்றார் பழனிவேல். "ராத்திரி தண்ணி கட்டுற டூட்டி. காலைல ஏழு மணிக்குத்தான் வந்து படுப்பாரு. நனஞ்சு வருவாருல்ல, அதனால..."

முடிக்கவில்லை. மூவரும் வண்டிக்கு ஓடினோம்.

அந்த ஓட்டத்தை என்னால் விவரிக்க முடியாது. மண் பாதை, மூட்டம் அப்போதும் விலகவில்லை. கான் பாய் வாய்க்குள் ஓதிக்கொண்டே ஓட்டினார். காலையில் மாட்டு வண்டி மாதிரி வந்த மனிதர், இப்போது பள்ளம் மேடு பார்க்கவில்லை. பழனிவேல் விடாமல் அந்த எண்ணையே அழுத்திக்கொண்டிருந்தார். நான் என் குரலை நினைத்துக்கொண்டிருந்தேன். அவ்வளவு தெளிவாக, அவ்வளவு தன்னம்பிக்கையோடு பேசியிருக்க வேண்டாம்.

ஒன்றை இப்போதே சொல்லிவிடுகிறேன், இல்லையென்றால் இதைப் படிக்கும் செல்வி பாதியிலேயே எனக்குப் போன் போடுவாள். சின்னராசு பிழைத்துவிட்டார். மூன்று நாள் ஆஸ்பத்திரியில் ஆக்சிஜன் வைத்து அனுப்பினார்கள். காதர் ஆளுக்கு இரண்டு கனத்த கம்பளி கொடுத்தனுப்பினான். குளிரைப் போக்க அறையைச் சூடாக்க வேண்டியதில்லை, ஆளைப் போர்த்தினால் போதும் என்பது என் படிப்பில் எப்படியோ விடுபட்டுப்போயிருந்தது. செல்வியின் ஹீட்டரைக் காதர் கடையில் அடுக்கிவிட்டேன்.

ஆனால் அந்தக் காலையில் இதெல்லாம் எங்களுக்குத் தெரியாது. சின்னராசுவின் கேபின் கதவை மூன்று பேரும் தட்டினோம். உள்ளே போன் மணி அடிப்பது கேட்டது. யாரும் அசையவில்லை. கதவு உள்ளே தாழிட்டிருந்தது. இடித்தபோது, சட்டத்தைச் சுற்றி ஒட்டிய டேப் பிய்ந்துகொண்டு வரும் சத்தம் முதலில் வந்தது, பிறகுதான் தாழ் உடைந்தது. அடுப்பு வெதுவெதுப்பாக இருந்தது. அறை அருமையாகச் சூடாக இருந்தது. அவர் சுவரோரம் சுருண்டு கிடந்தார். கன்னம் மட்டும் நல்ல நிறமாகச் சிவந்திருந்தது.

கான் பாய் அவரைக் குழந்தையைப்போல் வாரி எடுத்து வாசல் மணலில் கிடத்தினார். மூச்சு இருந்தது. பழனிவேல் ஆம்புலன்ஸுக்குப் போன் செய்துவிட்டு, "அண்ணே, அண்ணே" என்று அவர் கன்னத்தைத் தட்டினார். கான் பாய் உள்ளங்காலைத் தேய்த்தார். நான் அவர் தலையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். வேறு என்ன செய்வதென்று எனக்குத் தெரியவில்லை. எவ்வளவு நேரம் ஆனதோ, ஒரு ஓங்கரிப்பு வந்தது. வாந்தி எடுத்தார். கண்ணைத் திறந்து மூட்டத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். நான் யாரென்று அவருக்குத் தெரியாது. பிறகு தலையை மெல்லத் திருப்பி, உடைந்து கிடந்த கதவைப் பார்த்தார்.

"கதவ சாத்துங்க சார்" என்றார், நாக்குழற. "சூடு பூரா வெளிய போவுது. எஞ்சினியர் சொல்லியிருக்காரு."

"போவட்டும்ணே" என்றேன். "பூராவும் போவட்டும்."